மெழுகுச் சட்டை போட்ட கிருமி

இதயத்துக்கும் காசநோய் வரும் என்பது எனக்கு அறுபத்தேழு வயதில்தான் தெரிந்தது. என் மனைவிக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருக்கிறது, காசநோய்க் கிருமியின் வேலை, மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும் என்றார் டாக்டர். யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார்.

பெருங்களத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். “ஹார்ட்டுன்னு மட்டும் சொல்லுங்க. டிபின்னா ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க” என்றாள் மனைவி. அப்படியே சொன்னோம்.

நான் திருமுடிவாக்கத்தில் கிரீஸ் தயாரிக்கும் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தவன். கிரீஸுக்குச் சேரும் கொழுப்பின் கார்பன்களை எண்ணிப் பிழைத்தவன். கார்பன் சங்கிலி நேராக இருந்தால் நெருங்கி அடுக்கிக் கட்டியாகும். நடுவில் வளைவு இருந்தால் எண்ணெயாக ஓடும். நெய்யில் பெரும்பாலும் பதினாறு, பதினெட்டு கார்பன்கள். இந்தக் கிருமியின் மேலுறையிலோ எழுபது, எண்பது; அவ்வளவு நீளமானால் மெழுகுதான். அந்த மெழுகுச் சட்டைக்குள் மருந்து எப்போது நுழையும்? மனைவியின் நாடியை எண்ணும்போதெல்லாம் அதே நினைப்பு.

எதிர்வீட்டு பாயின் மனைவி எண்ணெய் சேர்க்காத கஞ்சி கொண்டுவந்தார். “அக்கா, நெய், முட்டை தொடவே கூடாது. எங்க வூட்டுக்காரருக்கு ஹார்ட்டுக்கு அப்படித்தான் சொன்னாங்க.” நானும் தலையாட்டினேன். தேங்காய்கூட எங்கள் சமையலறையை விட்டுப் போயிற்று.

அடுத்த முறை எடை பார்த்தபோது நான்கு கிலோ குறைந்திருந்தாள். மருந்து நுழையவில்லை என்றே நினைத்தேன். என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.

“யார் சார் இதெல்லாம் நிறுத்தச் சொன்னது? இவங்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு இல்ல. உடம்பு தேறணும். வெறும் வயித்துல மாத்திரை, அப்புறம் நல்லா சாப்பிடட்டும்.”

மாலையில் மறுபடியும் கஞ்சி வந்தது. இனி கஞ்சி வேண்டாம் என்று நான் வாசலில் என்னமோ காரணம் முணுமுணுத்தேன். மனைவி கட்டிலிலிருந்தே சொல்லிவிட்டாள்: “எனக்கு டிபிம்மா. ஹார்ட்டுலதான். ஒட்டாதாம்.”

அந்த அம்மாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். எதிர்க்கதவு சாத்திய சத்தம் கேட்டது. மனைவியின் நாடி நூற்று நான்கு.

மறுநாள் காலை யாரும் வரவில்லை. மதியம் மணி அடித்தது. எதிர்வீட்டு அம்மாள், கையில் ஆட்டுக்கால் சூப்.

“இன்னாக்கா நீ, மொதல்லயே சொல்ல மாட்டியா? கஞ்சியக் குடுத்தே கொன்னுருப்பேனே! காலு வேகவே இவ்ளோ நேரம் ஆயிடுச்சி.”

மேலே கொழுப்பு வட்டவட்டமாக மிதந்தது. “அதை மட்டும் எடுத்துடட்டுமா?” என்றேன்.

“அண்ணா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

மனைவி குடித்து முடிக்கும்வரை அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. நாடி இன்னும் நூற்றுக்கு மேல்தான் ஓடியது.