நீர்மருதுக்குப் பின்னால்

பாபநாசத்துக்கு மேலே, ஆற்றோரக் காட்டை அளக்க வந்தவர்களுக்கு நானும் என் தங்கை வீட்டுக்காரரும் சுமை தூக்கப் போனோம். முக்காலியில் நிற்கும் இயந்திரம் லேசர் ஒளியை வீசிக்கொண்டே ஒரு சுற்று சுற்றும். ஒளி பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் கோத்தால் மரத்தின் உயரம், பருமன், எடைகூட வந்துவிடும் என்றார்கள். சுற்றி முடியும்வரை ஆட்கள் அதன் பார்வையில் படக்கூடாது. ஆளுக்கொரு மறைவில் உட்கார்ந்துகொள்வோம்.

மரங்களில் எண் தகடு கட்டுவது என் வேலை. கட்டும்போது அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டுவேன். விறகு வெட்டிய காலத்துப் பழக்கம். அன்று காலை பெரிய நீர்மருது ஒன்று காலிப் பானைபோல் ஒலித்தது. கை எட்டிய உயரம்வரை தட்டினேன். உள்ளே மரமே இல்லை, வெறும் கூடு.

மாப்பிள்ளை சிரித்தார். “மச்சான், மரத்துக்கிட்ட இம்புட்டுப் பேசுதீரு. மனுசங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கீரே வே.”

குழுவை நடத்திய பெண் மற்றவர்களோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மாப்பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம்.

இயந்திரம் சுற்றத் தொடங்கியது. மாப்பிள்ளை அந்த மருதுக்குப் பின்னால்தான் குந்தியிருந்தார். நான் எதிரே பாறை மறைவில். எழுந்து கூப்பிட்டால் அளவு கெட்டுப்போகும். முடியட்டும் என்று இருந்தேன். முடிகிற நேரத்தில் காற்று ஒரு வீச்சு வீசியது. மரம் கிளை பிரியும் கவையில் பிளந்து, பாதி அவர்மேல் விழுந்தது. ஜீப்பில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

பத்து நாள் கழித்துப் பாளையங்கோட்டை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரையில் அந்த மரம் புள்ளி புள்ளியாக, முழுசாக நின்றது. அடிமரத்தின் ஓரத்தில் கொஞ்சம் புள்ளிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவருடைய முழங்கால்.

“வெளிய எந்தக் கோளாறும் தெரியலை அண்ணாச்சி. உள்ள இருக்கது மெஷினுக்குத் தெரியாதுல்லா. யாருக்குமே தெரிஞ்சிருக்காது,” என்றார் அந்தப் பெண். அழுதிருந்தார் என்று முகம் சொன்னது. அப்படியே எழுதியிருந்த தாளை என் பக்கம் நகர்த்தினார். உடன் இருந்தவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலையே எனக்குத் தெரியும். தாளை எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

“என்ன சொன்னாவ அண்ணே?” என்று, நான் வீடு திரும்பியதும் கேட்டாள் தங்கை.

“யாருக்கும் தெரிஞ்சிருக்காதாம்.”

“நீயாவது பக்கத்துல இருந்தியே,” என்றாள். வட்டிலில் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.