பவித்ராவுக்குக் கிடைக்குமா?

"மேடம், உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லிடுங்க. கெடைச்சிடும்தானே?"

வசந்தா இப்படிக் கேட்டது இரண்டு மாதத்துக்கு முன்னால், என் வீட்டு ஹாலில். ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறவள். பக்கத்தில் அவள் மகள் பவித்ரா. பியூசி, அதாவது பிளஸ் டூ முடித்தவள், கணக்கில் புலி. ஒரு பெரிய தனியார் கல்லூரியில் மூன்று வருடக் கட்டணத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்கிற மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்து, நேர்காணல் வரை வந்துவிட்டாள்.

கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் இந்த மாதிரித் தேர்வுக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதை வசந்தாவிடம் சொன்னது யார்? நானேதான். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

சரி, கேட்டதற்கு "கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த விஷயத்தைக் கேட்கிற வரைக்கும்.

பவித்ராவுக்கு அரசு கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. சீட்டும் வந்திருந்தது. அதை உறுதி செய்ய அந்த சனிக்கிழமைதான் கடைசி. ஸ்காலர்ஷிப் முடிவோ, அதற்கெல்லாம் ரொம்ப நாள் கழித்து. இதையும் விட்டு அதுவும் கிடைக்காமல் போனால்? தனியார் கல்லூரிக் கட்டணத்தை அந்தக் குடும்பம் கனவிலும் கட்ட முடியாது. ஒரு வருடம் வீணாகும். ஏதாவது ஷோரூமில் வேலைக்குச் சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒரு வருடம் என்று சொல்லிப் போன பெண்களில் எத்தனை பேர் திரும்பப் படிக்க வந்தார்கள் என்று ஆசிரியையாக இருந்த எனக்குத் தெரியும்.

"அந்த சீட்டையும் வாங்கி வெச்சுக்கோயேன்?" என்றேன்.

வசந்தா பதறிவிட்டாள். "ஐயோ, அது எப்படி மேடம்? நான் நவநாள் ஆரம்பிச்சிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் இது சகஜம். வியாழக்கிழமை ஆனால் நெற்றியில் குங்குமத்தோடு சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் ஏராளம். ஒன்பது வியாழக்கிழமை விடாமல் போனால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. வசந்தா இரண்டு வியாழன் முடித்திருந்தாள்.

"சாமிகிட்ட ஒண்ணைக் கேட்டுக்கினே இன்னொண்ணைக் கையில புடிச்சா, எனக்கு நம்பிக்கை இல்லேன்னு ஆவாதா? அப்புறம் அவர் எதுக்குக் குடுக்கணும்?"

நான் பேச்சை மாற்றி, "வா, ஒரு ஒத்திகை பார்ப்போம்" என்று பவித்ராவை எதிரே உட்கார வைத்தேன்.

பாடத்தில் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. கடைசியாக எல்லாத் தேர்வுக் குழுக்களும் தவறாமல் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டேன். "மத்தவங்களைவிட நீ எந்த விதத்துல இதுக்குத் தகுதியானவ?"

பவித்ரா கொஞ்சம் யோசித்தாள். "தெரியல மேடம். மத்தவங்களை நான் பார்த்ததே இல்லையே... பார்க்காம எப்படிச் சொல்றது?"

நேர்மையான பதில். புத்திசாலித்தனமான பதிலும்கூட. ஆனால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தராத பதில்!

ஏனென்றால், அந்த அறை வரைக்கும் வருகிற எல்லோரும் மார்க் வாங்கியவர்கள்தான். அதற்கு மேல் எதை வைத்துப் பிரிப்பது? கூச்சமில்லாமல் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றியே பேசத் தெரிந்த பிள்ளை முந்திக்கொண்டு போகும். நம் வீடுகளிலோ ஒரு பெண் "நான் கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டால், "போதும், கண்ணு பட்டுடும்" என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட வந்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அடக்கமாக இரு என்று வளர்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் திடீரென்று உன் பெருமையை நீயே சொல் என்றால் அந்தப் பெண் எங்கே போவாள்?

தன் பெருமையைச் சொல்லக் கூடாது. தன் பயத்தையும் சொல்லக் கூடாது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்களிடம் "கிடைக்காமல் போகலாம்" என்று சொல்வது பூனை குறுக்கே போனதைவிட மோசம். எனக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? தெரிந்தும் சொன்னேன்.

"வசந்தா, பத்துக்கு ஒண்ணுதான் சான்ஸ். அதுவும் கேக்கறவங்களுக்கு நல்ல மூடு இருந்தா. சனிக்கிழமை அந்த சீட்டை விட்டுடாதே."

அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. காபி டம்ளரைத் தொடாமல் எழுந்தாள். "வேற யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. நீங்க சொல்லிட்டீங்களே" என்றாள்.

பவித்ராதான் அவள் கையைப் பிடித்தாள். "இர்லி பிடும்மா, இருக்கட்டும் விடு. நீ வேண்டிக்கினே இரு. நான் அப்பாவைக் கூட்டிக்கினு போய் சீட்டை உறுதி பண்ணிட்டு வரேன். வேண்டுதல் உன்னுது. நீ ஒண்ணும் நிறுத்தலையே?"

சனிக்கிழமை அப்பாவும் மகளும் போய் சீட்டை உறுதி செய்தார்கள். வசந்தா போகவில்லை. அதன் பிறகு அவள் என்னிடம் பேசவும் இல்லை. காய்கறி வண்டி அருகில் என்னைப் பார்த்தால், தக்காளியை ரொம்பக் கவனமாகப் பொறுக்குவாள். வலித்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று சில நாள் எனக்கே தோன்றியது.

நேர்காணல் முடிந்த அன்று பவித்ரா மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். "அதே கேள்விதான் மேடம். எனக்கு வேற பதில் வரல... அதையேதான் சொன்னேன். ஒருத்தர் சிரிச்சார்."

என்ன சிரிப்பு என்று நான் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. பட்டியலில் பவித்ரா இல்லை. ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்தேன். இல்லை. நான் சொன்னது பலித்ததில் எனக்குத் துளியும் சந்தோஷமில்லை, துக்கமாகவே இருந்தது. வேறு பார்லருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அது கோழைத்தனம். சனிக்கிழமை காலையில் அங்கேயே போனேன்.

வசந்தா நாற்காலியைத் தட்டினாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு என் இடது புருவத்தை எடுத்தாள். நூல் வாயில் இருந்தால் பேச முடியாது. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

இடது பக்கம் முடிந்ததும் நூலை எடுத்தாள்.

"லிஸ்ட்ல இல்ல மேடம்."

"பார்த்தேன். பவித்ரா எப்படி இருக்கா?"

"அழல. மறுநாளே காலேஜுக்குப் போயிட்டா. சாயங்காலம் வந்து, அங்க கணக்கு மிஸ் சூப்பரா நடத்தறாங்கன்னு ஒரே பேச்சு."

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நவநாள்?"

"முடிச்சேன். ஆனா, அவ சீட்டை உறுதி பண்ணிட்டு வந்தப்புறம் நான் ஸ்காலர்ஷிப்பே கேக்கல மேடம். கெடைக்கலேன்னா எம் பொண்ணு ஒடிஞ்சு போவக் கூடாது... அதை மட்டும் கேட்டேன்." கையிலிருந்த நூலை விரலில் சுற்றினாள். "அவ ஒடியல. வீட்ல அவ எதிர்ல நான் எப்படி அழறது? இங்க அழுதுக்கட்டுமா?"

கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் அழுதாள். நானும்தான்.

ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும் வீட்டுக்கு நடந்து வந்தேன் — தெருவில் பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.