அமாவாசை முடிய ஒரு மணி ஐம்பது நிமிடம்

1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஏரிக்கரைக் கேபினின் வாசலில் தொங்கிய வெப்பமானி 14 பாகை காட்டியது. காற்று இல்லை. ஏரியின் மேல் பனிப்புகை ஆள் உயரத்துக்கு அசையாமல் நின்றது.

நான் மணிக்கூடுகளுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இரண்டு உண்டு. கையில் கட்டுவது ரொறன்ரோ நேரம். சட்டைப் பையில் இருப்பது ஊர் நேரம். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது ஆட்களை நித்திரையால் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருப்பது. அது பின்னேரம் 4 மணி 10 நிமிடம் என்றது. அதைப் பார்த்தபடியே நின்றேன்.

ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணி வரை என்று பஞ்சாங்கக் கலண்டரில் பார்த்து எழுதி, ஸ்காபரோவில் எங்கள் குசினிச் சுவரில் ஒட்டியவன் நான். அது யாழ்ப்பாணத்தில் அச்சான கலண்டர். ஊரில் ஆறு மணி என்றால் இங்கே காலை எட்டரை. ஒன்பதரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் கழித்திருக்கிறேன். சந்திரனுக்குக் கழிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் நில அளவையாளராக இருந்தவன் செய்த பிழை இது.

என் பொருட்டு நான் பதறவில்லை. என் தகப்பனார் போய் முப்பத்தொரு வருடம். அவருக்குப் பிண்டம் போட்ட தடவைகள் இருபத்தாறு. பதறியது மச்சானுக்காக. என் மனைவியின் தம்பி, அந்த வீட்டின் ஒரே மகன். அவருடைய தகப்பன் 1986 கடைசியில் ஊரில் இறந்தபோது, அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு இங்கே காத்திருந்தார். போக முடியவில்லை. கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுக்காரர். போன வருட ஆடி அமாவாசைக்கு நகரத்து ஏரிக்கரைக்குப் போனோம். தண்ணீர் அசுத்தம், இறங்கக் கூடாது என்று பலகை போட்டிருந்தார்கள். மச்சான் முழங்கால் வரை இறங்கிவிட்டார். காவல் பெடியன் விசில் ஊதி, மச்சானின் கையில் இருந்த சோற்றையும் காட்டி, போடக் கூடாது என்றான். பிண்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வீடு திரும்பினோம்.

அதனால்தான் இந்த வருடம் வடக்கே, மலையும் ஏரியுமாகக் கிடக்கும் இந்தப் பகுதிக்கு வந்தோம். மருமகன் செவ்வாய்க்கிழமை என்னையும் மனைவியையும் மச்சானையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். சனிக்கிழமைதான் திரும்ப வருவார்.

புதன்கிழமை முழுவதும் நடந்தோம். கேபினிலிருந்து கிழக்குக் கரையோரமாக 6,210 காலடி போனோம், திரும்பி வர 6,344. அந்த வித்தியாசம் என் முழங்காலால் வந்தது. கரை முழுவதும் நாணலும் சேறும். கால் வைத்தால் கணுக்கால் புதைந்தது. "இதுக்குள்ளை அப்பாவுக்குப் பிண்டம் விடேலாது அத்தான்" என்றார் மச்சான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வியாழக்கிழமை நானும் மச்சானும் கேபின்காரரிடம் சைக்கிள்கள் எடுத்தோம். நான் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது 1961இல். மண் றோட்டில் பதினொரு மேடு. ஏழில் இறங்கி உருட்டினேன். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுநடுவே வீட்டளவு கற்பாறைகள். பதினோராவது மேட்டில் ஏறியபோது மேலே இன்னொரு ஏரி தெரிந்தது. அது ஒரு பாறை இடுக்கால் வெள்ளையாக இறங்கி எங்கள் ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தில் மட்டும் அடி தெரியும் தண்ணீர், தட்டையான கல். மச்சான் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குந்தி, ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார்.

"இது சரி" என்றார்.

றோட்டால் போய்வர எனக்கு நான்கு மணித்தியாலம் எடுத்தது. ஏரியைக் குறுக்கே கடந்தால் ஒரு மைல்தான். வெள்ளி பதினொரு மணிக்குக் கேபின்காரரின் படகைக் கேட்பது என்று முடிவு செய்தோம். அந்தச் சந்தோசத்தில் கல்லிலே இருந்து பாணும் பொரித்த முட்டையும் சாப்பிட்டோம்.

இப்போது போய் மச்சானின் கட்டிலைத் தட்டினேன்.

"மச்சான், எழும்பும். அமாவாசை முடியப்போகுது."

"என்ன அத்தான் சொல்றியள்? பின்னேரம் ஆறு மணி மட்டும் கிடக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது ஊர் ஆறு மணி. இஞ்சை எட்டரை."

அவர் எழுந்து இருந்தார். விரலால் எண்ணினார். பிறகு மெல்லிய குரலில், "அப்ப நேற்றுக் காலமையே அமாவாசை பிடிச்சிட்டுதோ?" என்றார்.

"ஓம்."

"நேற்று முட்டை சாப்பிட்டனாங்கள்."

"நான் இரண்டு. நீர் மூன்று."

"உந்தக் கணக்கைப் பிறகு பாருங்கோ!" என்று மனைவி குசினியிலிருந்து சத்தம் போட்டாள். அவள் ஏற்கெனவே அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். "தம்பி, நீ எள்ளையும் தர்ப்பையையும் எடு. இஞ்சேருங்கோ, நீங்கள் போய்ப் படகைக் கேளுங்கோ."

கேபின்காரரின் வீடு 640 காலடி தூரம். அவர் என்னிலும் மூத்த வெள்ளைக்காரர், மரம் வெட்டி ஓய்ந்தவர். நாலாவது தட்டலுக்கு உள்ளங்கியோடு வந்து கதவைத் திறந்தார். பதினொரு மணிக்குச் சொல்லிவைத்த படகு இப்பவே வேண்டும் என்றேன். "மீன்களிடம் மணிக்கூடு இல்லை, ஐயா. அவை காத்திருக்கும்" என்றார். மீனுக்கு இல்லை, என் மாமனாருக்கு என்றேன். மாமனார் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அவர் சப்பாத்தைக் கூடப் போடாமல் எனக்கு முன்னால் துறைக்கு நடந்தார்.

மச்சானும் என் மனைவியும் சோற்றுச் சட்டியோடு வந்து சேர 7 மணி 32. மிதவை அங்கி இல்லாமல் படகு தர மாட்டேன் என்றார் கேபின்காரர். மச்சான் வேட்டிக்கு மேலே செம்மஞ்சள் அங்கியைக் கட்டிக்கொண்டு துறையின் விளிம்பில் நின்றார். கால் எடுத்து வைக்கவில்லை. 1985இல் பத்தொன்பது பேரோடு ஒரு வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடந்தவர் அவர். அதன்பிறகு ரொறன்ரோத் தீவுக்குப் போகும் பெரிய படகில்கூட ஏறியதில்லை.

"ஏறு தம்பி."

"ஏறுறன் அக்கா. ஒருக்கா மூச்சு விட விடு."

நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் திறந்துவிடுவேன் என்று தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

துடுப்பு வலிக்க நான் இருந்தேன். போகிற திசையைப் பார்த்து இருந்துகொண்டு வலித்தேன். நாற்பது தரம் வலித்ததில் படகு ஒரு வட்டம் சுற்றித் துறைக்கே வந்தது.

"திரும்பி இருக்கச் சொல்லி அந்த மனிசன் கத்துது!" என்றாள் மனைவி.

"போற பக்கத்தைப் பாக்காமல் எப்பிடிப் போறது?"

"நான் பாத்துச் சொல்லுறன். நாற்பது வருசமாய்ச் சொல்லுறதுதானே."

முதுகைக் காட்டி இருந்து வலித்தேன். அவள் இடம், வலம் என்று சொன்னாள். முந்நூறாவது தரம் வலித்தபோது கரை பனிப்புகையில் மறைந்தது. அதன்பிறகு விழுகிற தண்ணீரின் இரைச்சலை வைத்து அவள் வழி சொன்னாள். எங்கோ ஒரு நீர்ப்பறவை புத்தி பேதலித்த ஆள்போலச் சிரித்தது. மச்சான் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு தன் பெருவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 8 மணி 9 நிமிடத்துக்கு, 612ஆவது தரம் வலித்தபோது, இடது துடுப்பு என் கையிலிருந்து வழுக்கியது. எட்டிப் பிடிக்கப் போனேன், படகு சாய்ந்தது. "விடுங்கோ!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். விட்டேன். புகைக்குள் அது மிதந்து போனது.

அந்த இடத்தில் நான் மனம் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். "மச்சான், என்னை மன்னியும். என்ரை பிழை. அடுத்த வருசம்..." என்று தொடங்கினேன்.

"அடுத்த வருசம் இல்லை" என்றார் அவர். சட்டியை அக்காவிடம் கொடுத்தார். அதன் மூடியைக் கையில் எடுத்தார். படகின் விளிம்புக்கு நகர்ந்து, நெஞ்சுவரை வெளியே சாய்ந்து, மூடியால் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார். தண்ணீரை முழுதாகப் பார்த்தபடி தள்ளினார். நான் மற்றப் பக்கம் ஒற்றைத் துடுப்பால் தள்ளினேன். படகு நேராகப் போனது. எத்தனை தள்ளல் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்றைத்தான் நான் எண்ணவில்லை.

கல்லில் படகு முட்டியபோது 8 மணி 28. மச்சான் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு விழுகிற தண்ணீருக்குள் இறங்கி மூன்று தரம் மூழ்கி எழும்பினார். குளிரில் பல் அடித்தது. ஈர வேட்டியோடு கல்லில் உட்கார்ந்து தர்ப்பையை விரலில் மாட்டினார். ஐயர் கொப்பித்தாளில் எழுதித் தந்ததை நான் வாசித்தேன். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர். பூட்டன் பெயர் அவருக்கு வரவில்லை. அக்கா எடுத்துக் கொடுத்தாள். எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிண்டத்தை இரண்டு கையிலும் ஏந்தி, இடுப்பளவு தண்ணீரில் போய், மெதுவாக விட்டார். கரைய முன்னரே சின்ன மீன்கள் வந்துவிட்டன.

கரை ஏறி வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "நேரத்துக்கு விட்டனானோ அத்தான்?"

மணிக்கூடு என் கையில் மட்டும்தான் இருந்தது. 8 மணி 41. பதினொரு நிமிடத்தைக் குறைத்துச் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாழ்நாளில் ஓர் அளவையும் மாற்றிச் சொன்னவன் அல்ல நான்.

"பதினொரு நிமிசம் பிந்திப்போச்சு மச்சான்."

அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். முதலில் அவள்தான் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா எண்டைக்கு நேரத்துக்குச் சாப்பிட வந்தவர்?" என்றாள்.

"அம்மா மூண்டு தரம் கறியைச் சூடு காட்டினாப் பிறகுதானே வருவார்" என்றார் மச்சான். சிரித்தார். பிறகு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அழுதார். நாங்கள் படகைப் பிடித்துக்கொண்டு அவர் முடிக்கும்வரை நின்றோம்.

திரும்பும்போது மச்சானே துடுப்பைக் கேட்டு வாங்கினார். துறையில் கேபின்காரர் ஒற்றைத் துடுப்பைப் பார்த்தார், எங்கள் ஈர உடுப்பைப் பார்த்தார், மாமனார் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். மச்சான் பாதிக் காசு தர வந்தார். பிழை என்னுடையது, நான் வாங்கவில்லை. படகு வாடகை பன்னிரண்டு, துடுப்பு பத்தொன்பதரை, மொத்தம் முப்பத்தொன்றரை டொலர்.