கரட்டாண்டி திரும்பி வரும்வரை

ஓர் ஓணானை வைத்து ஓர் ஆளை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தவன் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. மீசை வந்திருந்தது, மூளை இன்னும் வந்து சேரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. சிறுமலை அடிவாரத்தில் ஒரு மொட்டைக் கரட்டை, சின்னப் பாறைக் குன்றை, ரோட்டுக்காக உடைத்துக்கொண்டிருந்தார்கள். குவித்த ஜல்லியை டேப் பிடித்து அளப்பது என் வேலை. அந்த டேப்புக்காக எல்லோரும் என்னை 'ரைட்டரு' என்றார்கள்.

கரடு முழுக்கப் பாறை ஓணான்கள். ஆட்கள் கரட்டாண்டி என்பார்கள். வாலோடு சேர்த்து ஒரு சாண் இருக்கும். பெட்டை, பாறையின் நிறமே. அசைந்தால்தான் கண்ணில் படும். ஆண் மட்டும் கோடை மழை விழுந்ததும் தலையும் முதுகும் செங்கல்லாகச் சிவந்து, விலா கரியாகக் கறுத்து, உச்சிப் பாறையில் ஏறித் தண்டால் எடுக்கும். அந்த வேலையிடத்தில் உடற்பயிற்சி செய்த ஒரே ஜீவன் அதுதான். ஆள் நிழல் விழுந்தால் விரல் நுழையாத வெடிப்புக்குள் மறைந்துவிடும்.

பாறைக்கு வெடி வைக்கிறவர் கன்னிவாடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது, நான்கு பெண் பிள்ளைகள். மருந்து அடைத்த நான்கு குழிக்குத் திரி கொளுத்தினால் சில நாள் மூன்றுதான் வெடிக்கும். மிச்சமிருக்கும் குழிதான் எமன். உள்ளே திரி அணைந்துவிட்டதா, புகைந்துகொண்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அப்போது அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாறையையே பார்த்துக்கொண்டிருப்பார். சத்தத்துக்கு ஓடிய கரட்டாண்டி திரும்பி வந்து வெயில் காய்ந்தால்தான் எழுந்திருப்பார்.

"உள்ள பொகைஞ்சா அது அண்டாது ரைட்டரே. நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்."

"அப்ப அதுக்கும் சம்பளம் போடச் சொல்லவாண்ணே?"

"ஒங்களுக்கே போடுறாக, அதுக்குப் போட்டா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை காலையில், கல் சுமக்கும் பெண்களைப் பயமுறுத்துவதற்காக, ஈர்க்கு நுனியில் வாழைநார்ச் சுருக்குப் போட்டு ஒரு சிவப்பு ஆணைப் பிடித்து என் சோற்று டப்பாவில் அடைத்து வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று குழி வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. அவர் மரத்தடிக்குப் போய்விட்டார். எனக்கோ டவுனில் மாட்டினி ஷோ. அவர் எழுந்து அந்தக் குழியை முடித்தால்தான் நான் கிளம்ப முடியும்.

கரட்டின் பின்புறமாகத் தவழ்ந்து போய் டப்பாவைத் திறந்தேன். ஓணான் வாய் பிளந்து நின்றது. கடித்துவிடுமோ என்று பயந்து கழுத்துச் சுருக்கை அவிழ்க்காமல், தொங்கிய நாரை மட்டும் அறுத்துவிட்டு ஓடி வந்தேன். வீரன்!

அது நேரே உச்சிக்கு ஏறித் தலையை ஆட்டியது.

"அண்ணே, ஒங்க ஆபீசரு வந்துட்டாரு!" என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "செத்த சீக்கிரமா வந்துருச்சே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். குழிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்து உச்சியைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்புவதற்குள் குழி வெடித்தது.

உயிர் இருந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

விசாரிக்க வந்தவர்களிடம் நான் கல் அளந்துகொண்டிருந்ததாகச் சொன்னேன். ஆட்களோ கரட்டாண்டி பொய் சொல்லிவிட்டது என்றார்கள். மறுநாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் கல்லால் அடித்துக் கொன்றார்கள். சிவப்பு ஆண்கள்தான் முதலில் செத்தன, ஒளியத் தெரியாத நிறம். என்னையும் கூப்பிட்டார்கள். நானும் இரண்டு கல் எறிந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். கரடு இருந்த இடத்தில் அதற்குள் பச்சைத் தண்ணீர் நின்ற பள்ளம்தான் மிஞ்சியிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தேங்காய் நாரைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தக் கரட்டாண்டி தானா வரல. நாந்தான் விட்டேன்."

அவர் கை நிற்கவில்லை.

"தெரியும் ரைட்டரே, கழுத்துல நாரு கெடந்துச்சு."