கோடு டீச்சர்

குனிந்தபடியேதான் பேசுவார். முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கும். அடியில் ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பிக்கொண்டு மைதானத்தில் பின்பக்கமாக நடந்து கோடு போடுவார். "நேத்து எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கணும் டீச்சர். ஒரு சாண் நகந்தாலும் கண்டுபிடிக்க இங்க ஆள் இருக்கு" என்பார் என்னிடம். எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் கோடு டீச்சர். "இவ கிழிச்ச கோட்டை நான் என்னிக்காவது தாண்டியிருக்கேனா?" என்று கேட்டுவிட்டு அவர் வீட்டுக்காரர் தானே முதலில் சிரிப்பார்.

நான் கணக்கு டீச்சர். என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மைதானம். அதனால் அவரைப் பற்றி அவருக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. இடது முட்டியில் எப்போதும் ஒரு பட்டி, ஒரு காலத்தில் ஓடியதன் மிச்சம். சுண்ணாம்பு டப்பா இல்லாத கையோடு அவரை மைதானத்தில் பார்த்தவர் கிடையாது. விசில் மட்டும் இழுப்பறையில் தூங்குகிறது. அவர் பச்சைத் துண்டை உயர்த்தினால் ஆட்டம் தொடங்கும். ஒற்றைக் கோடு போட்டிருந்தால் தாண்டி ஓடலாம், இரட்டைக் கோடு வந்தால் நிற்க வேண்டும். அன்றைக்கு என்னென்ன ஆட்டம் என்பதைப் படமாகக் கரும்பலகையில் வரைந்து, முடிய முடிய ஒவ்வொன்றாக அழிப்பார்.

வலது மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு ஒன்று உண்டு. கேட்டால் மறைக்க மாட்டார். "இது எனக்குக் கிடைச்ச மெடல். கேக்காம ஒரு பிள்ளை கையைப் புடிச்சு இழுத்தேன், கடிச்சுட்டா. தப்பும் என்னோடது, தழும்பும் என்னோடது."

கடித்தவள் இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஆட்டிசம் உள்ள பெண். இரண்டு வருடமாக விளையாட்டு வகுப்பு வந்தாலே வேலியோரம் போய் நின்று கம்பிகளை எண்ணுவாள். எல்லாரும் அவளை விட்டுவிட்டோம், நான் உட்பட. கடிபட்ட மறுநாள் இவர் என்ன செய்தார் தெரியுமா? கையில் கட்டோடு போய் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்று தானும் எண்ண ஆரம்பித்தார். ஒரு வாரம் எண்ணினார். "எழுபத்திரண்டு. சரியாத்தான் எண்ணியிருக்கா நம்ம கணக்குப்பிள்ளை!" என்று என் வகுப்பு வாசலில் வந்து சொன்னார். அடுத்த வாரம், முதல் கம்பியிலிருந்து பத்தாவது கம்பி வரைக்கும் ஓடலாமா என்று அவளைக் கேட்டார். அவள் ஓடினாள். ஜன்னலில் நின்றிருந்த எனக்குப் பாடம் மறந்துபோனது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பள்ளிக்காலத்தில் விளையாட்டு வகுப்பு என்றாலே ஒளிய இடம் தேடுவேன். அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற பிள்ளை நான்தான். இவர் அப்படி ஆள் பொறுக்க விடுவதே இல்லை. இவரிடம் படித்திருந்தால் நானும் கொஞ்சம் ஓடியிருப்பேன்.

தலைமையாசிரியைக்கோ வேறு கவலை. அந்தப் பெண் ஒருநாள் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டால்? விளையாட்டு வகுப்பிலிருந்து அவளுக்கு நிரந்தர விலக்கு என்று ஒரு தாள் தயாரானது. கோடு டீச்சரின் கையெழுத்துதான் பாக்கி.

"நிம்மதியா லைப்ரரில உக்காரட்டுமே" என்றார் தலைமையாசிரியை.

"நிம்மதியா இல்ல மேடம், ஓரமா" என்றார் இவர்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். விளையாட்டு விழா ரிலேயில் அவள் ஓடட்டும், ஏதாவது ஆனால் அந்தத் தாளில் இவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சேதி சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "அவ ஓடி ஒளிஞ்சுதான் பாத்திருக்கேன். ஓடி விளையாடிப் பாத்ததில்ல டீச்சர்" என்றார் அந்த அம்மா.

பள்ளியின் பின்கட்டில் பயிற்சி நடந்தது. யாராவது கையில் எதையாவது திணித்தால் அவளுக்கு ஆகாது. அதனால் குச்சியை ஸ்டூலில் வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எல்லா அணிக்கும் அதே விதி. "ரிலேன்னா கையில குடுக்கணும்" என்று ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். "கையில குடுத்தா பாதிப் பேரு கீழ போடுறாங்க சார். ஸ்டூல் போடாது" என்றார் இவர். முடிவுக் கோட்டில் ரிப்பன் கட்டுவதும் போயிற்று, மேலே பட்டால் அவளுக்குப் பிடிக்காது. அதற்குப் பதில், கோட்டைத் தாண்டிப் போய் எதிரே இருக்கிற சுவரைத் தொட வேண்டும், அதோடு ஓட்டம் முடிந்தது.

விழா பெரிய மைதானத்தில். கடைசிச் சுற்று அவளுடையது. குச்சியை எடுத்தாள், ஓடினாள், இரண்டாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டினாள். நிற்கவில்லை.

அங்கே சுவர் இல்லை. பெற்றோர் வந்துபோகத் திறந்து வைத்த வாசலும், சாலையும், சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுவரும்தான் நேரெதிரே இருந்தன. அவள் சொல்லிக்கொடுத்தபடி அந்தச் சுவரைத் தொடப் போனாள். பின்கட்டில் சுவர் இருந்த தைரியத்தில், இங்கே இரட்டைக் கோடு போட இவர் மறந்திருந்தார்.

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு எழுந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ "புடி, புடி!" என்று கத்தினார்கள்.

ஓரமாக நின்றிருந்த கோடு டீச்சர் அவளைப் பிடிக்கப் போகவில்லை. டப்பாவோடு, அந்த முட்டியோடு, குறுக்கே ஓடினார். அவளுக்குப் பத்தடி முன்னால் போய்க் குனிந்து ஒரு கோடு இழுத்தார். அதை ஒட்டி இன்னொன்று. இரண்டாவது கோடு முடியும் முன்பே அவள் கால் கட்டைவிரல்கள் முதல் கோட்டைத் தொட்டு நின்றுவிட்டன.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது கணக்குப்பிள்ளை. மறந்தது நான்தான்."

தலைமையாசிரியை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கோட்டைப் பார்த்தார், அந்தக் கால்களைப் பார்த்தார், வாசலைப் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு கேட்டார்: "அடுத்த ஓட்டத்துல இவ இல்லையே. கோட்டை அழிச்சிடலாமா?"

கோடு டீச்சர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். அந்த இரட்டைக் கோட்டை அவள் கால்களிலிருந்து பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டே போனார், மைதானத்தின் அந்த ஓரம் வரைக்கும்.