முதல் கட்டத்தில் இரண்டு கோடுகள்

அம்மாவின் விரல்களுக்கிடையிலிருந்து அந்தச் சிவப்புப் பேனை உருவப்பட்ட கணத்தை நான் மறக்கவில்லை. சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் ஒரு விளையாட்டு மண்டபம், சிறுமிகளின் கூடைப்பந்து. புள்ளி எழுதும் மேசையில் முறைவைத்துப் பெற்றோர் இருக்க வேண்டும். அன்று அம்மாவின் முறை. போரில் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடமே போகாதவள். எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். சட்டை எண்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். நாங்கள் ஒரு புள்ளியால் தோற்றோம். எங்கள் பயிற்றுநர் வந்து, ஒரு கூடை விடுபட்டுவிட்டது என்றார். பேனையைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில், "உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டார். எதுவும் விடுபடவில்லை. நானும் எண்ணிக்கொண்டுதான் விளையாடினேன்.

"அவர் என்ன சொன்னவர், பிள்ளை?"

"பேனையில மை முடிஞ்சுதாம், அம்மா."

அம்மா தன் விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைப் பார்த்தாள். பிறகு அந்த மண்டபத்துக்குள் அவள் வரவேயில்லை. வெளியே நின்று காத்திருப்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவள் நான். பல்கலைக்கழகப் பட்டத்தோடு, புள்ளி எழுதுநருக்கான தேர்வுகளையும் ஒவ்வொன்றாய் முடித்து, தொழில்முறைப் பெண்கள் லீக்கின் மேசைவரை வந்தேன். மன்னிக்கப் பெரிய மனது வேண்டும் என்பார்கள். அது எனக்கு வாய்க்கவில்லை. நான் தேடவும் இல்லை.

இந்த ஆண்டு இறுதித் தொடரில் சிட்னி, மெல்பேர்ன் அணிகள் ஆளுக்கொன்று வென்றிருக்க, கடைசி ஆட்டம் சிட்னியில் நடந்தது. மெல்பேர்ன் அணியின் தலைமைப் பயிற்றுநர், அன்று அம்மாவின் பேனையைப் பிடுங்கிய அவர்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மேசைக்குப் பின்வரிசையில் அம்மாவை உட்கார வைத்திருந்தேன்.

இரண்டாம் பாதியில் ஓர் அணி மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தி ஆலோசிக்கலாம். கடைசி இரண்டு நிமிடம்வரை ஒன்றையும் எடுக்காவிட்டால், ஒன்று கழிந்துவிடும். அதற்கு அடையாளமாக எழுதுநர் புள்ளித்தாளில் அந்த அணியின் நிறுத்தங்களுக்குரிய முதல் கட்டத்தில் இரண்டு கோடுகள் போடுவார். நல்லெண்ணத்தில் பயிற்றுநருக்கு ஒரு வார்த்தை சொல்வதும் எங்களிடம் வழக்கம். விதி அதைக் கேட்கவில்லை. அவர் மூன்றையும் சேர்த்து வைத்திருந்தார். நான் கோடுகளைப் போட்டேன். வாய் திறக்கவில்லை.

புள்ளிகள் சமம். மிஞ்சிய இரண்டில் ஒன்றை ஏற்கெனவே எடுத்திருந்தவர், சில வினாடிகளே இருக்கையில் மற்றதையும் எடுத்தார். இனி இல்லை என்று, விதிப்படி, நடுவர் மூலம் தெரிவித்தேன். அவர் மேசைக்குப் பாய்ந்து வந்து அதில் ஓங்கி அறைந்தார்.

"எனக்கு இன்னும் ஒன்று இருக்கிறது! உனக்கு எண்ணத் தெரியாதா?"

நடுவர் தாளைப் பார்த்தார். இரண்டு கோடுகள். மேசையில் அறைந்ததற்காக அவர்மீது நடத்தைத் தவறு விதிக்கப்பட்டது. சிட்னிக்கு ஒரு தனி எறிதல். அது கூடைக்குள் விழுந்தது. பிறகு மெல்பேர்ன் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அவர்கள் ஒரு புள்ளியால் தோற்றார்கள். அவருடைய அணிப் பெண்கள் அழுதார்கள். அவர்களுக்காக வருந்தினேன், அவருக்காக இல்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மா மேசையருகே வந்தாள்.

"அந்தாள் உனக்கு என்ன சொன்னவர்?"

இம்முறை நான் மறைக்கவில்லை. "எண்ணத் தெரியாதோ எண்டு கேட்டவர்."

தலையைக் கைகளில் தாங்கிக் கதிரையில் இருந்த பயிற்றுநரை அம்மா அவசரமில்லாமல் பார்த்தாள்.

"பேனையில மை இருந்ததோ?"

"ஓம் அம்மா. கனக்க இருந்தது."

என் கையிலிருந்த பேனையை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.