கேப்டனின் கண் பரிசோதனை

பார்வையற்ற பெண்களுக்கான இந்திய கிரிக்கெட் அணிக்கு நான்தான் கேப்டன் என்ற செய்தி வந்தபோது, ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஷிஃப்டில் போன் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அணியின் பயிற்சியாளர் ஆபீசுக்கே பேசிச் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் அண்ணன் லைன் இரைச்சலுக்கு மேல் கத்திக்கொண்டே வந்தார்.

"யம்மா, உன்ன இந்தியா டீமுக்கு கேப்டனா போட்டுக்கிறாங்களாம்! இன்னா நீ, இன்னும் டேப்பு ஒட்டிக்கினு கீற?"

கையை நிறுத்தினால் பெட்டிகள் குவிந்துவிடும். ஒட்டிக்கொண்டே சிரித்தேன். சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தி மண்டையில் ஏறியது. சோற்றைப் பிசைந்தபடி, முதல் ஓவரை யாரிடம் கொடுப்பது, ஓடத் தெரியாத பெண்ணை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சோறு அப்படியே ஆறிப்போனது. அன்றைக்குப் பிடித்த பரபரப்பு அது.

எனக்கு முழுக்கப் பார்வை இல்லாமல் இல்லை. சின்ன வயதிலிருந்தே ஓரங்கள் தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரெதிரே இருப்பது மட்டும் தெரியும். வெளிச்சம் குறைந்தால் அதுவும் கலங்கிவிடும். ஊர் சங்கரன்கோவில் பக்கம். பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கும்போது இந்த ஆட்டத்தைப் பழகினேன். பந்து கெட்டி பிளாஸ்டிக். உள்ளே இரும்புக் குண்டுகள் போட்டிருப்பதால் உருளும்போது கலகலக்கும். கையைத் தூக்கி வீச மாட்டோம், தரையோடு உருட்டிவிடுவோம். பந்து போடுகிறவள் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். மட்டை பிடிக்கிறவள் "யெஸ்" என்றதும் "ப்ளே" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை விடவேண்டும்.

பதினொரு பேரையும் மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். முதல் பிரிவில் இருப்பவர்களுக்குப் பார்வையே கிடையாது. இரண்டாம் பிரிவுக்குக் கொஞ்சம் தெரியும். மூன்றாம் பிரிவுக்கு அதைவிடத் தெரியும். முதல் பிரிவில் நாலு பேராவது ஆட வேண்டும், மூன்றாம் பிரிவில் நாலு பேருக்கு மேல் களத்தில் இறக்கக் கூடாது. அந்த நாலு பேரில் நான் ஒருத்தி, விக்கெட் கீப்பர். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, "ரைட்டு! ரைட்டு! கிட்ட வருது!" என்று கத்திக்கொண்டே இருப்பது என் வேலை. பார்வையில்லாத பெண்கள் அந்தக் குரலை நம்பித்தான் தரையில் விழுந்து பந்தை மறிப்பார்கள்.

படப்பையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கூட இருந்தவள் தூத்துக்குடிக்காரி, ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. நான் கேப்டன் ஆனதும் அவள் பாடு திண்டாட்டமானது. அறையில் இருந்த டம்ளர், கிண்ணம், பவுடர் டப்பா எல்லாவற்றையும் தரையில் ஃபீல்டர்களாக நிறுத்தி வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஷிஃப்ட் முடிந்து உள்ளே நுழைந்தவள் காலில் ஒரு டம்ளர் இடறி உருண்டது.

"ஏ பிள்ள, நடக்க எடம் இருக்கா பாரு! மனுசி வேலை முடிஞ்சு வந்து காலை நீட்ட வேண்டாமா?"

"அந்த டம்ளரைத் தொடாத. அது ஷார்ட் ஃபைன் லெக்."

"அது நான் காப்பி குடிக்குற டம்ளர்ளா!"

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. படப்பைக்கு வெளியே வீட்டுமனை போட்டுக் கல் நட்டிருந்த காலியிடத்துக்கு என் சிநேகிதி வருவாள். அவளும் இந்திய அணிக்காரிதான். இரண்டாம் பிரிவு, சுழற்பந்து. அந்தப் பக்கத்துக் கிராமம்தான் அவளுக்கு. அவளுடைய அப்பா முன்பு விவசாயம் பார்த்தவர், இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவள் மறைமலை நகரில் கேன்டீன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாநில அணித் தேர்வுக்கு அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனது நான்தான். கன்டெய்னர் லாரி போனால் பந்தின் சத்தம் கேட்காது. அது தாண்டிப் போகும்வரை இருவரும் நிற்போம். எனக்கு நிற்கப் பொறுக்காது, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன்.

"சும்மா நில்லேன்டி. உன் செருப்பு சத்தம் லாரிய விட பெர்சா கீது," என்பாள்.

வெளிநாட்டுத் தொடருக்கு முன்னால் பெங்களூரில் பயிற்சி முகாம். அங்கிருந்து கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு எல்லோருக்கும் கண் பரிசோதனை நடக்கும். நான் கொஞ்ச காலமாகவே பஸ் எண்ணைப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத்தான் ஏறிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிக்காரியின் முகத்தைப் பார்த்தால் மூக்கு தெரியும். கண்களைப் பார்க்க முகத்தை அசைக்க வேண்டும். டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார். நான் காத்திருந்த நேரமே அதிகம்.

"இரண்டாம் பிரிவுக்கு வந்துட்டீங்க," என்றார் அவர், தட்டுத்தடுமாறிய தமிழில். "உங்களுக்கே சந்தேகம் இருந்திருக்குமே?"

இருந்தது. ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தபோது பயிற்சியாளர் வந்தார். கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆறுதலாக ஏதோ சொன்னார். பிறகு தயங்கினார்.

"மூணாம் பிரிவுல ஒரு இடம் காலியாகுது. ரிசர்வ்ல இருக்கிற ஒடிசாப் பொண்ணை எடுக்கலாம். அவளுக்கு நல்லாத் தெரியும், கீப்பிங்கும் செய்வா. ஆனா அவ உள்ள வந்தா, ரெண்டாம் பிரிவுல ஒருத்தி வெளிய போகணும்."

யார் என்று அவர் சொல்லவில்லை. அது கேப்டன் சொல்ல வேண்டியது. நானே வெளியே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். தொடர் தொடங்கும் முன்பே கேப்டன் வெளியே உட்கார்ந்தால் அணி கலைந்துவிடும் என்று மறுத்துவிட்டார். மிச்சமிருந்த இரண்டாம் பிரிவுக்காரிகளில் மற்ற இருவரும் மட்டையும் பிடிப்பார்கள், பந்தும் போடுவார்கள். என் சிநேகிதிக்குப் பந்து போடுவது மட்டும்தான் வரும்.

மறுநாள் காலை டிபன் மேஜையில் அவளிடம் சொன்னேன். இட்லியைப் பிட்ட கை நின்றது.

"இன்னாடி சொல்ற? உன் கண்ணு மங்கிப்போனதுக்கு நான் வெளிய குந்தணுமா?"

"ஏட்டி, டீமுக்காகத்தான்..."

"டீமு இன்னா டீமு. நீ கேப்டன், நீ ஆடுவ. நான் தண்ணி தூக்கணும்."

அவள் சொன்னதில் தவறே இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். வெளிநாட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. மலையும் குளிருமான ஊர். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் அந்தக் குறுகலான அறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடப்பேன். "உக்காரு" என்றுகூட அவள் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்தில் கீப்பிங் கையுறைகளை ஒடிசாப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் பந்தைத் தெளிவாகப் பார்த்தாள். ஆனால் குரல் எழும்பவே இல்லை. வகுப்பில் ஆசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்டால் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினாள். எங்கள் பெண்கள் பந்து போன திசைக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தார்கள். ஒருத்தியின் முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. பெரிய வித்தியாசத்தில் தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்தில் நான் அவளுக்குப் பக்கத்திலேயே, ஸ்லிப்பில் நின்றேன். "நீ எனக்கு மட்டும் சொல்லு," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி வைத்திருந்தேன். அவள் மெல்ல "லெஃப்ட், தூரம்" என்பாள். நான் அதை மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். பேக்கிங் பிரிவில் கன்வேயர் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை அது. சில பந்துகளை நான் பார்க்கவே இல்லை, பார்த்ததுபோலக் கத்தினேன். பெண்கள் சரியான பக்கம் விழுந்தார்கள். ஜெயித்தோம். ஒடிசாப் பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எல்லையில் தண்ணீர்ப் பெட்டியோடு நின்ற என் சிநேகிதியும் கைதட்டினாளா என்று தெரியவில்லை. அந்தத் தூரத்தில் எனக்கு அவள் தெரியமாட்டாள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் இரண்டாம் பிரிவுக்காரி ஒருத்தி கால் பிசகிப் படுத்துவிட்டாள். சிநேகிதி உள்ளே வந்தாள். ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தோம், இதில் ஜெயிப்பவர்களுக்குத்தான் தொடர். ஆட்டம் இழுத்துக்கொண்டே கடைசி ஓவர்வரை வந்தது. பந்தை அவளிடம் கொடுத்தேன். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"ஸ்கொயர் லெக்ல நிக்கிறவள ஆஃப் சைடு இட்டுனு வா. நான் வெளியதான் போடப்போறேன்."

"வேண்டாம்டி. பேட் பிடிக்கிறவ எல்லாத்தையும் ஸ்வீப் அடிக்கா. சத்தம் கேட்டு லெக்குக்குத்தான் இழுக்கா."

"நீ எம்மேல ஒருவாட்டியாவது நம்பிக்க வையேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக ஃபீல்டரை மாற்றினேனா, அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியதால் மாற்றினேனா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மாற்றினேன். பந்து கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. மட்டைக்காரி மண்டியிட்டு இழுத்தாள். ஆள் இல்லாத பக்கம் கலகலவென்று உருண்டுபோய், எல்லைக் கயிற்றில் முட்டி அந்தச் சத்தம் நின்றது. அந்த நாலு ரன்னில் தொடர் போனது.

பயிற்சியாளர் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். "ஸ்கொயர் லெக்கை எடுத்தது யாரு?"

"நான்தான் சார்," என்றேன்.

"ஏன்?"

"அப்படித் தோணுச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் தேர்வுக் குழுவுக்குப் போகும் அறிக்கையில் எழுதியிருப்பார்.

திரும்பி வரும் விமானத்தில் சிநேகிதிக்கு என் பக்கத்து இருக்கை. வெகுநேரம் சீட் பெல்ட்டைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

"ஏன்டி எம்பேர சொல்லல?"

"மாத்துனது நான்தானே. ஒன் பேச்சைக் கேக்காம விட்டிருக்கலாம்ல."

"விட்டுருக்கணும்," என்றாள். பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்தக் கண்ணு விசயத்துல நான் அப்டி சொல்லிருக்கக் கூடாது," என்றாள். நான் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் அண்ணனிடம் என் கண் நிலையைச் சொன்னேன். லேபிள் பார்த்து டேப் ஒட்டுகிற இடத்திலிருந்து என்னை நகர்த்தி, பெட்டிக்குள் ஃபோம் வைத்து அடைக்கிற இடத்தில் போட்டார். அதைத் தடவிப் பார்த்தே செய்யலாம். முதல் வாரம் எனக்கு அழுகையாக வந்தது. பிறகு கை பழகிவிட்டது.

அடுத்த தொடருக்குக் கேப்டன் பதவி என்னிடம் இல்லை. என் சிநேகிதிக்குக் கொடுத்தார்கள். நான் வெறும் ஆட்டக்காரியாக அணியில் இருக்கிறேன். என்னை வருத்தும் என்று நினைத்துப் பலர் அந்தச் செய்தியைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல.

போன வாரம் டீ பிரேக்கில் கேட்டுக்கு வெளியே வந்து போனை ஆன் செய்தேன். அவளிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"இன்னாடி இது, குந்துனா குந்த முடியல, சோறு எறங்கல. கேன்டீன்ல சாம்பார் ஊத்தும்போதுகூட எவள எங்க நிறுத்தறதுன்னே ஓடிக்கினு கீது. உனக்கும் இப்டித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்போ போச்சு?"

"எங்க போச்சு? இப்பவும் இருக்குட்டி. சரி, சொல்லு. ஓபனிங் யாரை எறக்கப்போற?"

அவள் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று விளக்கத் தொடங்கினேன். பிரேக் முடிந்த மணி அடித்தும் நான் கேட் ஓரமாக நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தேன்.